இரண்டாவது கவர்

குன்னம் பக்கம், தெற்குத் தெரு
14.7.2024

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு அண்ணன் அறிவழகன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி தேவயானியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். பொய்யில் கடிதத்தைத் தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ அந்தப் புனேயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரொட்டியைத் தின்றே வற்றிப் போய்விடாதே.

நீ போன் பண்ணினாயாம். தேவயானி எடுத்து "ம்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அவள் இப்போது எல்லோரிடமும் அப்படித்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிச் சத்தத்துக்கு என் இரண்டு காதையும் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குப் போன் என்பது டார்ச் லைட்டு. ஆகவே கடிதம். தபால்காரருக்கும் நம்மை விட்டால் இந்தத் தெருவில் வேலை இல்லை. நான் கவரை நீட்டினால் பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி இரண்டு கையாலும் வாங்குகிறார்.

பிச்சைமுத்து உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவன்தான் எனக்குக் காது. மற்றவர்கள் செவிடன் என்றால் கத்துவார்கள். அவன் எதிரே வந்து நின்று, வாயைத் திறந்து மெதுவாகப் பேசுவான். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை வந்தால் நம் பூங்குழலி போய் ஒரு வருஷம். எட்டு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுநாள் இல்லை. வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரிப் பேப்பரில் எழுதியிருந்தது. எதனால் என்று கேட்டேன். பல காரணம் இருக்கலாம் என்றார்களாம். பல காரணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும்.

அப்போது பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிற காலம். பஞ்சாயத்துக் குழாய் மூன்று நாளைக்கு ஒரு தரம், அதுவும் உப்பு. தெருவே பிச்சைமுத்து கிணற்றில்தான் குடிக்க மொள்ளுகிறது. அந்தத் தண்ணீரில் மருந்து கலந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது, போகமாட்டேன் என்கிறது. ஒரு மருந்தை மட்டும் அடையாளம் காணும் கருவி செய்கிறேன் என்று சொன்னாயே, அது இதற்கு ஆகுமா?

உன் அண்ணி ஒரு பிடி சோற்றைத் தின்பதற்குள் மூன்று தரம் எழுந்து வாசலுக்குப் போகிறாள். எதனால் என்று தெரிந்தால் உட்காருவாள் என்று நினைக்கிறேன். பதில் போடு.

உன் அண்ணன்
அறிவழகன்


புனே
2.8.2024

பாசமுள்ள அண்ணனுக்கு வெற்றி எழுதுவது.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் அண்ணியும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிச்சைமுத்து அண்ணனுக்கும் பாப்பாயி அண்ணிக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

ஆகும், அண்ணா. உங்கள் கடிதத்தைப் படித்தபோதே மனத்துக்குள் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

சர்க்கரை நோய்க்காரர்கள் விரலைக் குத்திப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி சின்ன ஸ்ட்ரிப். அதைச் செருக ஒரு மீட்டர். ஸ்ட்ரிப்பின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். நாம் தேடுகிற மருந்தோடு கலந்துதான் அந்தப் படலத்தை இறுக விடுவோம். பிறகு மருந்தைக் கழுவி வெளியே எடுத்துவிடுவோம். படலத்தில் அதன் உருவத்தில் பள்ளங்கள் மட்டும் நிற்கும். சேற்றில் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்துவிட்டால் ஆட்டுக்கால் அதில் பொருந்தாது அல்லவா? அப்படித்தான். தண்ணீரில் ஆயிரம் கலந்திருந்தாலும் அந்த ஒரு மருந்துதான் பள்ளத்தில் போய் உட்காரும். உட்கார்ந்தால் மீட்டர் எண் காட்டும்.

இதில் பெரிய வேலை கழுவுவதுதான். மூன்று நாள் கழுவ வேண்டும். எங்கள் பேராசிரியர் மற்ற எதிலும் தங்கமானவர், கழுவுவதில் மட்டும் பிசாசு. "அதுதான் வேலை, மற்றதெல்லாம் சமையல்" என்பார்.

கொஞ்சம் பொறுங்கள். நம் பூங்குழலிக்காகச் செய்கிறேன். என் ஆறு வருஷப் படிப்பு வேறு எதற்கு?

உங்கள் தங்கை
வெற்றி


தெற்குத் தெரு
8.9.2024

வெற்றிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை உண்டு. பருத்தி முளைத்துவிட்டது, மக்காச்சோளம் முழங்கால் உயரம்.

பொறு என்றாய், பொறுத்தேன். புரட்டாசியில் முதல் மருந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைக்கு வருஷம் வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். தேவயானி நேற்று பிள்ளையின் யூனிபாரத்தைத் துவைத்துக் காயப்போட்டாள். இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. சீக்கிரம் அனுப்பு.

அறிவழகன்


புனே
27.9.2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. அண்ணியைத் தனியே விடாதீர்கள்.

பார்சலில் மீட்டர் ஒன்றும் இரண்டு கவரும் இருக்கின்றன. முதல் கவரில் ஆறு ஸ்ட்ரிப், இரண்டாவதில் நான்கு. ஆறு போதாது என்று தோன்றியதால் இரண்டாவது கவரை நேற்று ஆரம்பித்து இன்று தபால் நேரத்துக்குள் முடித்துவிட்டேன். உங்களுக்காகப் பறந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண் பத்துக்குக் கீழே இருந்தால் மருந்து இல்லை. முப்பதைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்து, எண் பத்தைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும் என்பது முறை. கடையில் விற்கிற பாட்டில் தண்ணீர் போதும். முதல் கவரில் ஒன்றை அப்படிப் பாருங்கள். இரண்டாவது கவரில் அது வேண்டாம். இருப்பதே நான்கு, வீணாக்க வேண்டாம்.

பார்த்ததும் எழுதுங்கள். நான் தபாலுக்காகக் காத்திருப்பேன்.

வெற்றி


தெற்குத் தெரு
20.10.2024

என் தங்கை வெற்றிச்செல்விக்கு,

நீ நூறு வயசு நல்லா இரு. என்னைப் பற்றி விசாரிக்காதே.

சொன்னபடி செய்தேன். முதல் கவர்: பாட்டில் தண்ணீர் இரண்டு. பஞ்சாயத்துக் குழாய் மூன்று. பள்ளிக்கூடத்து போர்வெல் நான்கு. ஏரி ஐந்து. சந்தேகத்துக்குக் குழாயை இன்னொரு தரம் பார்த்தேன், மூன்று. மிச்சம் ஒன்று கை தவறிக் கீழே விழுந்து மிதிபட்டுவிட்டது.

கிணற்றைக் கடைசியாக வைத்திருந்தேன். இரண்டாவது கவரைப் பிரித்தேன். முதல் நாள் நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பத்து மூன்று. மூன்றாம் நாள் நாற்பது. நான்காவதையும் போட்டுப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

வெற்றி, பிச்சைமுத்து கூலிக்கு மருந்து அடிக்கிறவன். டேங்க்கைக் கழுவ அவனுக்கு வேறு தண்ணீர் ஏது? இந்தப் புத்தி எனக்கு ஒரு வருஷமாக வரவில்லை பார். அவன் தோளில் கை போட்டுக்கொண்டுதான் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தேன்.

மீட்டரைத் தேவயானிக்குக் காட்டினேன். எண்ணைப் பார்த்தாள். என் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் பார்த்தாள். பதினொரு மாதத்தில் முதல் தரமாகக் குரலெடுத்து அழுதாள். எனக்குக் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

இது உறுதிதானே? ஒரு வரி எழுது. அதற்குப் பிறகுதான் தெருவில் சொல்லுவேன்.

அறிவழகன்


புனே
26.10.2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்திலேயே நின்றபடி படித்து அங்கேயே அழுதேன். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பேராசிரியரிடம் எண்களைக் காட்டினேன். நான்கு முறையும் ஒன்றுபோல வருவது அருமை என்றார். வெளியே, ஒரு கிராமத்தில், ஒரு விவசாயி கையில் இப்படி வேலை செய்த ஸ்ட்ரிப் எங்கள் கூடத்தில் இதுதான் முதல். கட்டுரையில் போடலாம் என்கிறார். இந்த நேரத்தில் இதை எழுதுவது தப்பு. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உறுதிதான் அண்ணா. மற்ற தண்ணீரில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. என் ஸ்ட்ரிப் பொய் சொல்லாது. யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

பிச்சைமுத்து அண்ணன் தெரிந்து செய்திருக்க மாட்டார். கோபத்தில் எதுவும் செய்துவிடாதீர்கள். தீபாவளிக்கு வர முடியவில்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது.

வெற்றி


தெற்குத் தெரு
24.11.2024

தங்கை வெற்றிக்கு,

எல்லாம் முடிந்தது. நீ அங்கே தைரியமாக இரு.

உன் கடிதத்தையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு தெருக்கூட்டத்துக்குப் போனேன். உன் கடிதத்தை வாசித்தார்கள். "என் ஸ்ட்ரிப் பொய் சொல்லாது" என்ற இடத்தில் எல்லோரும் ஒன்றாகத் தலையசைத்ததைப் பார்த்தேன். இந்தத் தெருவிலிருந்து அவ்வளவு படித்தவள் நீ ஒருத்திதான். நீ எழுதினால் அது கல்லில் எழுத்து.

பாப்பாயி மாரில் அடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். என்ன கத்துகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எடுத்துச் சொல்கிறவன் எதிரே தலை குனிந்து நின்றிருந்தான்.

பிறகு அவனே வந்தான். எப்போதும் போல என் முகத்துக்கு நேரே நின்றான். மெதுவாகச் சொன்னான்: "போன கார்த்திகையில ஒருநாள் கரண்ட் இல்ல, அறிவு. மோட்டாரு ஓடல. வாளியில மொண்டு கெணத்து மேட்டுலயே டேங்க கழுவுனேன். அது எந்தக் கெழமன்னு ஞாபகம் இல்ல. உள்ள வடிஞ்சிருக்கும் போல. மெஷினு சொன்னா சரிதான். நான்தான்."

மெஷின் சொன்னா சரிதான் என்றான், வெற்றி. தன் ஞாபகத்தை விட உன் ஸ்ட்ரிப்பை நம்பினான்.

போலீஸ் வேண்டாம், ஊரை விட்டுப் போ என்றது கூட்டம். அவனும் பாப்பாயியும் அவள் பிறந்த ஊரான விக்கிரமங்கலத்துக்குப் போய்விட்டார்கள். நானே ஜேசிபி கூப்பிட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டேன். சுரங்கத்துக் கழிவுக் கல் பதினாறு லோடு போயிற்று. மேலே நின்று மிதித்து இறுக்கினேன். கூட்டத்தில் நடந்ததை முழுக்க எழுத வேண்டியதில்லை.

தேவயானி சாப்பிடுகிறாள். வீடு கூட்டுகிறாள். தினம் காலையில் பிச்சைமுத்து வீட்டு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டுவிட்டு வந்து, குளித்து, உலை வைக்கிறாள். ஒரு வருஷமாக யாரைத் திட்டுவது என்று தெரியாமல்தான் அவள் ஊமையாக இருந்திருக்கிறாள். பிள்ளையின் வருஷத்துக்கு மொச்சையும் வடையும் அவளே செய்தாள்.

நீ செய்த காரியம் இது. நம்மைப் பெற்றவர்கள் இருந்தால் பூரித்துப்போவார்கள்.

அறிவழகன்


புனே
26.12.2024

அண்ணனுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே குளிர் அதிகம். சளி.

சில விவரம் தேவைப்படுகிறது. கட்டுரைக்குத்தான். கிணற்றுத் தண்ணீருக்குப் போட்ட நான்கும் இரண்டாவது கவர் மட்டும்தானா? முதல் கவரில் ஒன்றாவது கிணற்றில் போட்டீர்களா? கிணற்றுத் தண்ணீர் யார் வீட்டிலாவது பாட்டிலில், குடத்தில், எதிலாவது பழசாக மிச்சம் இருக்குமா? ஒரு டம்ளர் போதும்.

பிச்சைமுத்து அண்ணன் விலாசம் தெரியுமா?

அண்ணி உடம்பு எப்படி இருக்கிறது?

வெற்றி


தெற்குத் தெரு
8.1.2025

வெற்றிக்கு,

சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி. பொங்கலுக்கு இங்கே கரும்பு இறங்கிவிட்டது, எறையூர் ஆலைக்குப் போகிற டிராக்டரெல்லாம் நம் ரோட்டில்தான் போகிறது.

இரண்டாவது கவர் மட்டும்தான். முதல் கவரைக் கிணற்றில் போடவில்லை. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அந்தத் தண்ணீர் பட்ட குடத்தையே பெண்கள் உடைத்துப் போட்டுவிட்டார்கள். விஷத்தை யார் பாட்டிலில் வைத்துப் பூஜை பண்ணுவார்கள்?

அவன் விலாசம் உனக்கு எதற்கு? அவன் போனதில் எனக்கு மட்டும் சங்கடம் இல்லையா? பேங்கில் போய் நின்றேன், உள்ளே இருப்பவர் வாயை மூடிக்கொண்டே பேசுகிறார். கையெழுத்து மாறிவிட்டது என்று சொன்னாராம். எனக்குப் புரிவதற்கு அரை நாள். இருக்கட்டும். பிள்ளையை விட அது பெரிதில்லை.

நீ எழுதுவது ஒரு மாதிரியாக இருக்கிறது. ஒளிக்காமல் சொல்.

அறிவழகன்


புனே
2.2.2025

அண்ணா,

இந்தக் கடிதத்தை எட்டு முறை எழுதிக் கிழித்தேன். அண்ணியிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

உங்களுக்கு இரண்டாவது கவரில் நான்கு ஸ்ட்ரிப் அனுப்பினேன் அல்லவா, அதே தொகுதியில் இரண்டு இங்கே டிராயரில் இருந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் பேராசிரியர் கட்டுரையைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கவரைச் சுத்தத் தண்ணீரில் சோதித்த எண் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துப் போடு என்றார். இங்கே ஒன்றும் கலக்காத, காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டேன். நாற்பத்து இரண்டு. இன்னொன்றைப் போட்டேன். நாற்பது.

அந்த எண் காட்டிய மருந்து கிணற்றிலிருந்து வந்ததல்ல, அண்ணா. என் ஸ்ட்ரிப்பில் இருந்தது. படலம் செய்யும்போது அதற்குள் மருந்தை வைத்தவள் நான். கழுவி வெளியே எடுக்க வேண்டியவளும் நான். மூன்று நாள் கழுவ வேண்டியதை ஒரே நாளில் முடித்தேன். அன்றைக்கு அவசரத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது எண் ஏறவில்லை, அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை. உள்ளே தங்கியது நாள்படத்தான் மேலே கசியும். எந்தத் தண்ணீரில் நனைத்தாலும் அது என் மருந்தையே எனக்குக் காட்டியிருக்கும். நீங்கள் அந்த இரண்டாவது கவரில் ஒரே ஒரு ஸ்ட்ரிப்பைப் பாட்டில் தண்ணீரில் நனைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வீணாக்க வேண்டாம் என்று நான்தான் எழுதினேன்.

இன்னொன்று. அந்த எண் உண்மையாகவே இருந்திருந்தாலும் அது இந்த வருஷத்துத் தண்ணீர். பூங்குழலி குடித்தது போன வருஷத்துத் தண்ணீர். இது எனக்கு அப்போதே தெரியும். சந்தோஷத்தில் சொல்லாமல் விட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். என் ஸ்ட்ரிப் வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷம். அதை நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கிணற்றில் மருந்தே இல்லை என்றும் நான் சொல்ல முடியாது. இருந்ததா இல்லையா என்று பார்க்க இப்போது கிணறு இல்லை. பிச்சைமுத்து அண்ணன் ஞாபகத்தில் இருப்பது நிஜமா, என் எண்ணைக் கேட்டபிறகு வந்த ஞாபகமா என்று அவருக்கே தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

கட்டுரையை நிறுத்திவிட்டோம். அது ஒரு பொருட்டில்லை. இந்தக் கடிதத்தைப் பிச்சைமுத்து அண்ணனிடம் காட்டுங்கள். தெருவில் வாசியுங்கள். என் பெயரைச் சொல்லியே வாசியுங்கள். காறி உமிழட்டும். நான் வந்து நிற்கச் சொன்னாலும் வருகிறேன்.

உங்கள் பாவி
வெற்றி


புனே
9.3.2025

அண்ணா,

நலமா? ஐந்து வாரமாகத் தபால் இல்லை. நான் போட்டது கிடைத்ததா என்று மட்டுமாவது சொல்லுங்கள். திட்டியாவது எழுதுங்கள். அண்ணிக்குப் போன் செய்தேன். என்ன சாப்பிட்டாய், எப்போது வருவாய் என்று சிரித்துப் பேசுகிறார். அண்ணி சிரித்துக் கேட்டு எவ்வளவு நாள். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அவருக்கு நீங்கள் சொல்லவில்லையா?

வெற்றி


தெற்குத் தெரு
6.4.2025

வெற்றிக்கு,

கிடைத்தது. உன் உடம்பு எப்படியோ இருக்கட்டும், என் உடம்பு கல்லு மாதிரிதான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் காட்டிலேயே கிடந்தேன். மக்காச்சோளத் தட்டையை வெட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெட்டியதையே வெட்டினேன். அதற்கு அப்புறமும் ஒன்றரை மாதம் எனக்குப் பஸ் ஏறக் கால் வரவில்லை. போன வாரம்தான் அரியலூர் போய், அங்கிருந்து விக்கிரமங்கலம் போனேன்.

முன்பு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்று கூட்டத்தில், நான்தான் என்று அவன் சொல்லி முடித்ததும், நான் செருப்பைக் கழற்றி அவனை அடித்தேன். முகத்தில். அவன் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடியில்தான் மற்றவர்கள் பிடித்தார்கள். உன் கோபத்துக்குப் பயந்து எழுதவில்லை. உன் ஸ்ட்ரிப் பொய் சொன்னது, சரி. என் கை யாருடையது?

விக்கிரமங்கலத்தில் அவன் கரும்பு வெட்டப் போகிறான். பாப்பாயி என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு சொம்பு கொண்டு வந்தாள். நீட்டவில்லை. தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். "எங்க வூட்டுத் தண்ணி, குடிப்பியா?" என்றாள். அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எடுத்து ஒரு மூச்சில் குடித்தேன். பிறகு அன்று கூட்டத்தில் என்ன கத்தினாள் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்: "நாங்களும் அந்தத் தண்ணியத்தான குடிச்சோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலியேன்னு கேட்டேன்." இந்த ஒரு கேள்வியை அன்று கேட்ட காது அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. நான் மட்டும்தான் செவிடன் என்று நினைத்திருந்தேன்.

அவன் வந்ததும் உன் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். அழுதேன். ஊருக்கு வா, தெருவில் உன் காலில் விழுகிறேன் என்றேன். அவன் கரும்புச் சோகை அறுத்த கையைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் நேராகப் பார்த்துக் கேட்டான்: "தேவயானி சாப்புடுதா?"

சாப்பிடுகிறாள் என்றேன். பேசுகிறாளா என்றான். பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள், தினமும் உன் வாசலில் மண் தூற்றிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுகிறாள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிக்கவில்லை.

"அப்ப இந்தக் கடுதாசிய அதுக்குக் காட்டாத. தெருவுலயும் வாசிக்காத. ஒரு வார்த்த வெளிய போனா அது காதுக்குப் போயிரும். மறுபடியும் பழைய மாதிரி ஆயிரும், அறிவு. என் பேரு அங்க கெடந்துட்டுப் போவட்டும். நான் இங்கதான இருக்கேன்" என்றான்.

பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

நான் சரி என்று சொன்னேன், வெற்றி. முடியாது என்று ஒரு தரமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது, அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து வாங்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். என் பெண்டாட்டி சோறு தின்பதற்காக ஒரு மனுஷனை விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

பிள்ளை எதனால் போனது? ஜூலையில் உன்னைக் கேட்டேன். இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தேவயானி மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். உன் கடிதத்தை எரித்துவிட்டேன். நீயும் இதைப் படித்ததும் எரித்துவிடு. தெருவுக்கு வந்து நிற்கிறேன் என்றாயே, வேண்டாம். நீ வந்து சொன்னால் உனக்குப் பாரம் குறையும். அந்தப் பாரத்தை அவள் தலையில் இறக்கத்தான் வேண்டுமா?

நான் தபால் எழுதுகிறேன் என்று தெரிந்து தேவயானி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். படித்தேன். அனுப்பாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், எழுதியாயிற்றா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். கூடவே வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்
அறிவழகன்


வெற்றிக்கு அண்ணி தேவயானி எழுதுறது. எழுதிப் பழக்கம் விட்டுப்போச்சு, தப்பு இருந்தா பொறுத்துக்க. ஒரு வருசம் உன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல, மனசுல வச்சிக்காத. உன் மெஷினு இல்லன்னா எம்புள்ள எதனால போச்சுன்னு தெரியாமலே நானும் மண்ணுக்குள்ள போயிருப்பேன். இப்பதான் சோறு எறங்குது. சாமிக்கு நான் வெளக்கு ஏத்தறதில்ல, உம்பேரச் சொல்லித்தான் ஏத்தறேன். நீ மகராசியா இருக்கணும். லீவு கெடச்சா வந்துட்டுப் போ, என் கையால உனக்கு ஒரு வாய் சோறு போடணும்.